பதினொரு மணிக்கு நிற்கும் சாஃப்ட்வேர்

“ஏனுங்க அம்மணி, தினமும் பதினொரு மணியானா உங்க சாஃப்ட்வேர் படுத்துக்குதுங்க. பத்து நிமிஷம் ஒரு பில்லு போட முடியறதில்லைங்க.”

வெள்ளகோவில் பெட்ஷீட் கம்பெனி முதலாளி அரங்கசாமி போனில் சொன்னதை, கோவை அலுவலகத்தில் மௌனிகா குறித்துக்கொண்டாள். இதைச் சரிசெய்தால்தான் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நிரந்தரமாகிவிட்டது என்று அந்தியூரில் அம்மா ஏற்கெனவே தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

புரோகிராமை எழுதிய தீபக் வேலையை விட்டுப் போய்விட்டான். பில், ஸ்டாக், பேக்கிங் என்று ஒவ்வொரு திரையும் தன் இஷ்டத்துக்கு டேட்டாபேஸுக்குள் போய்வந்துகொண்டிருந்தது. மௌனிகா நடுவில் ஒரே வாசல் வைத்தாள். இனி எந்தத் திரையும் அதன் வழியாகத்தான்.

அப்போதுதான் பில் திரையில் அந்த வரி கண்ணில் பட்டது. மணி பதினொன்று என்றால் பத்து நிமிடம் சும்மா நில்.

“வேணும்னே நிறுத்தி வெச்சிருக்கான்,” என்றாள் பக்கத்து சீட் புவனாவிடம்.

“ரிப்பேருக்கு நம்மளையே கூப்பிடட்டும்னு இருக்கும். தூக்கிப்போடு.”

தூக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை வெள்ளகோவில் போய்ப் புதியதை ஏற்றினாள். பதினொரு மணி வந்தது. எதுவும் நிற்கவில்லை.

“பரவாயில்லைங்க. உங்க மேனேஜர்கிட்ட நல்லபடியா சொல்லிப்போடறேன்,” என்று அரங்கசாமி வெளியே போனார்.

பில் போடும் கோமளா பிளாஸ்க் மேல் கையை வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, இன்னைக்கு நிக்கலீங்களா?”

“இனிமே நிக்காதுங்கக்கா. சரிபண்ணியாச்சு.”

“சரிங்க.” பிளாஸ்க்கை மேஜைக்கு அடியில் தள்ளினார்.

“டீ குடிக்கலீங்களா?”

“கம்ப்யூட்டர் ஓடறப்ப எந்திரிச்சா முதலாளி சத்தம் போடுவாருங்க. நின்னாத்தான் டீ, பாத்ரூம் எல்லாம். பேக்கிங் புள்ளைங்களுக்கு அதுவும் இல்லீங்க.” குரலைத் தாழ்த்தினார். “தீபக் தம்பி இங்க ஒரு வாரம் உக்காந்து பார்த்தாருங்க. அப்புறந்தான் நிக்கவே ஆரம்பிச்சுது. பாவம், அவருக்குச் சரிபண்ணத் தெரியலீங்க.”

மௌனிகாவுக்கு மேனேஜர் நினைவுக்கு வந்தார். அம்மாவும்.

மூடிய லேப்டாப்பை மறுபடி திறந்து, அந்த வரியைத் தேடி எடுத்து, இந்த முறை பில் திரையில் இல்லாமல் நடு வாசலில் வைத்தாள்.

மறுநாள் மேனேஜருக்கு அரங்கசாமி போன் செய்தார்.

“அந்தப் பையனே தேவலாமுங்க. அவன் இருந்தப்ப பில்லு மட்டுந்தான் நின்னுது. இந்த அம்மணி வந்துட்டுப் போனதுல, பதினொரு மணிக்கு மொத்தக் கம்பெனியும் நிக்குதுங்க.”