இரண்டாவது தூண்

கழுத்தைப் பிடித்து மேசையோடு அழுத்திய கை இரும்பாக இருந்தது. பிளான்காரரின் கன்னத்தில் நாலைந்து பிளாஸ்டிக் கட்டைகள் பதிந்து, உதட்டோரம் ரத்தம் கசிந்தது.

"ரொம்ப அழுத்தாதடா கடப்பாரை. பதில் சொல்ல வாய் வேணும்" என்று தன் அடியாளிடம் சொன்னான் கம்பெனி முதலாளியின் மச்சான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, கையில் சுத்தியலை உருட்டிக்கொண்டிருந்தான்.

மேசை நடுவில் நாலு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. ஒரு முழ உயரம். எல்லாம் குழந்தைகள் அடுக்கி விளையாடும் கட்டைகள். போன மாதம் இடிந்து விழுந்து ஒன்பது பேரைக் கொன்ற கட்டடத்தின் அச்சு அசல். சுண்டுவிரல் அளவில் ஒன்பது பொம்மை மனிதர்களும் உள்ளே நின்றார்கள்.

கட்டட கம்பெனியில் பிளான் வரைவது பிளான்காரரின் வேலை; கட்டை அடுக்குவது இருபது வருடப் பைத்தியம். கார் நிறுத்த இடம் போதவில்லை என்று தரைத்தளத்தில் இரண்டாவது தூணை எடுக்கச் சொன்னவர் முதலாளி. அப்படி எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கொளுத்தியவரும் அவரே.

நாளை விசாரணை. வேலையாட்கள் மேலே அதிக பாரம் ஏற்றிவிட்டார்கள் என்று முதலாளி சொல்லப்போகிறார். பிளான்காரர் கையில் காகிதம் இல்லை. இந்தக் கட்டடம்தான் இருந்தது. இரண்டாவது தூணை உருவினால், நிஜம் விழுந்த மாதிரியே இதுவும் விழும்.

"பொம்மை கட்டி ஊருக்கெல்லாம் காட்டுறியாமே?"

காட்டியது உண்மைதான். தன்னைப் போன்ற கட்டைப் பைத்தியங்களின் இணையக் குழுவில், கட்டும் முறையைப் படிப்படியாக வரைந்து போட்டிருந்தார். 'கட்டிப் பாருங்க. ரெண்டாவது பில்லரை உருவிப் பாருங்க. எந்தப் பக்கம் விழுதுன்னு சொல்லுங்க.' அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். யார், எந்த ஊர், தெரியாது.

'எனக்கும் இடப்பக்கமே விழுந்துச்சு' என்று பதினாலு பேர் எழுதினார்கள். 'என் பொண்டாட்டி காப்பி டம்ளர்ல விழுந்துச்சு, இனி எனக்குக் காப்பி கிடையாது' என்று ஒருவர். 'சாம்பல் கட்டை தீர்ந்துபோச்சு, ரெண்டாவது பில்லருக்கு மஞ்சள் போடலாமா?' என்று கேட்டார் இன்னொருவர். 'நிறத்துல என்ன இருக்கு, எண்ணிக்கை சரியா இருந்தா போதும்' என்று பிளான்காரர் பதில் போட்டிருந்தார்.

"எல்லாத்தையும் அழி." மச்சான் அவருடைய போனையே நீட்டினான். இடது கையால் அழித்தார்.

"இப்ப வலது கையை மேசை மேல வை."

கடப்பாரை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சுத்தியல் இறங்கியது. "கட்டுற விரல் எது? இதுவா? இதுவுமா?" பிளான்காரரின் அலறல் ஜன்னலைத் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

"செத்தவனுங்களுக்காகவா இவ்வளவு துள்ளுற? அவனுங்க பேருகூட எனக்குத் தெரியாது."

"எத்தனை பேருன்னாவது... தெரியுமில்ல சார்?"

பளாரென்று ஓர் அறை. பல் ஒன்று நாக்கில் உருண்டது.

"கடப்பாரை, அதை நொறுக்குடா."

கடப்பாரை குனிந்து கட்டடத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தான். இடுப்பில் செருகியிருந்த இரும்புக் கம்பியை எடுக்கவில்லை. நுனி பிளந்த கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, ஒரே ஒரு தூணை நெம்பி உருவினான். நாலு மாடியும் இடப்பக்கமாகச் சரிந்து தரையெல்லாம் சிதறின.

மச்சான் கைதட்டிச் சிரித்தான். "கைகாரன்டா நீ! நீயா தேடி வந்து வேலை கேட்டப்பவே நினைச்சேன்." எழுந்து, பூட்ஸ் காலால் கட்டைகளைத் திருகித் திருகி மிதித்தான். பொம்மைத் தலை ஒன்று தெறித்து பீரோவுக்கு அடியில் ஓடியது.

"நான் போய் வண்டியை எடுக்கிறேன். நாளைக்கு இவன் வாய் திறக்கக் கூடாது. கவனிச்சுட்டு வா."

பூட்ஸ் சத்தம் படியிறங்கியது. கடப்பாரை கதவைச் சாத்தித் தாழ் போட்டான். இடுப்பிலிருந்து கம்பியை உருவினான்.

பிளான்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "வேணாம்ப்பா. இனிமே என்னால கட்டவும் முடியாது. வெறும் வாயால சொன்னா எவன் நம்பப்போறான்? விட்டுடு."

கம்பி ஓங்கி இறங்கியது. அவர் தலையில் அல்ல, பக்கத்திலிருந்த பீரோவில்.

"நல்லா கத்துங்க சார். கீழ கேக்கணும்."

கத்தினார். அது நடிப்பாக இல்லை. இன்னும் இரண்டு அடி பீரோவுக்கு விழுந்தது. பிறகு கடப்பாரை அவர் முன்னால் குந்தி, தன் கைக்குட்டையைக் கிழித்து, நசுங்கிய விரல்களைச் சுற்றிக் கட்டினான்.

"விசாரணை எத்தனை மணிக்கு?"

"ப... பத்து மணிக்கு."

"பேசுறதுக்கு நீங்க வந்துடுங்க. கட்டடத்தை நான் கொண்டு வரேன்."

தரையில் நொறுங்கிக் கிடந்ததைப் பிளான்காரர் பார்த்தார். "எந்தக் கட்டடத்தை?"

"என் வீட்டுல ஒண்ணு முழுசா நிக்குது சார், செத்துப்போன என் தம்பி போட்டோவுக்குப் பக்கத்துல; ரெண்டாவது பில்லர் மட்டும் மஞ்சள்."