பக்கத்துக் குடித்தனம்

"தனி சர்வரா? இருக்கிற இடத்துல இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தராசு செய்யும் கம்பெனி அது. அதன் இணையதளம் அன்று காலையிலும் படுத்துவிட்டது.

"வெளியூர் வியாபாரி சைட்டைத் திறந்து பார்த்துட்டு, 'கம்பெனியை மூடிட்டீங்களா'ன்னு கேக்கிறார் மாமா," என்றாள் நிர்வாகத்தைக் கவனிக்கும் மருமகள். "அடுத்த வாரம் புது மாடல் வருது. அன்னைக்கும் படுத்தா ஆர்டர் அத்தனையும் கைவிட்டுப் போயிடும். தனி சர்வரோ, கிளவுடோ, இன்னைக்கே முடிவு பண்ணியாகணும்."

சர்வரைப் பராமரிக்கும் இன்ஜினியர் தொண்டையைச் செருமினார். "ஐயா, உங்க சர்வர்லயே இன்னொரு கம்பெனியும் குடியிருக்கு. அங்கே கூட்டம் கூடினா உங்களுக்கு மூச்சு முட்டுது. தனியா போயிட்டா தொல்லை விட்டதுன்னு மேடம் நினைக்கிறாங்க."

"ஒண்டுக்குடித்தனம்னா அப்படித்தான். அனுசரிச்சுப் போகணும்."

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. அனுசரிப்பைப் பற்றி யார் பேசுவது! தம்பியோடு முறைத்துக்கொண்டு, தொழிற்சாலைக்கு நடுவில் சுவர் எழுப்பிய மனிதர். சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியும் தராசுதான் செய்கிறார். அவர் பேச்சை எடுத்தாலே இவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிடுவார்.

அந்தத் துருப்புச்சீட்டைத்தான் அவள் கடைசிக்கு வைத்திருந்தாள்.

"அந்தக் குடித்தனம் யாருன்னு தெரியுமா மாமா? உங்க தம்பி கம்பெனி!"

இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். மேஜை மேலிருந்த டம்ளர் எப்போது பறக்கும் என்று மருமகள் பார்த்தாள்.

பறக்கவில்லை. பெரியவர் அதிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு வைத்தார்.

"இதைவிடப் பெரிய சர்வரா பாருங்க," என்றார் இன்ஜினியரிடம்.

"நமக்கு மட்டும்தானே மாமா?"

"ரெண்டு பேருக்கும். அவன் சைட்டும் படுக்கக் கூடாது. ஆனா அவன்கிட்ட யாரும் மூச்சு விடக் கூடாது."

மருமகள் திகைத்தாள். "அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"பாகம் பிரிச்சப்போ கிணத்துல இருந்து வாசல் கேட்டு வரைக்கும் பிரிச்சோம். இது ஒண்ணுதான் ஊர் கண்ணுக்குத் தெரியாத இடம். இதைப் பிரிக்காதீங்கன்னு இந்த இன்ஜினியர்கிட்ட சொன்னதே நான்தாம்மா."