ஏழு மணிப் பயிற்சி

ஓசூர் தொழிற்சாலை ஒன்றின் மருத்துவ அறை. மாதேஷின் ஸ்மார்ட் வாட்சில் பதிவானதைப் பார்த்த டாக்டர் ஃபெபாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“தினமும் காலைல ஏழு மணிக்கு இதயத் துடிப்பு நூத்திப் பத்து. இந்த மிதமான வேகத்துலதான் உடம்பு கொழுப்பை நல்லா எடுத்து எரிக்கும். ஆனா உங்க எடை ரெண்டு கிலோ ஏறியிருக்கே! குறையலைன்னா மாத்திரைதான்னு போன மாசமே சொன்னேன்.”

“மாத்திரை வேணாங்க மேடம்.”

“ஏழேகாலுக்கு நூத்தி அறுபது ஆகுது. அந்த வேகத்துல கொழுப்பை விட சர்க்கரைதான் அதிகம் எரியும். அப்போ எங்க இருப்பீங்க?”

“கிருஷ்ணகிரி ஹைவேலங்க.”

“லாரி போற ரோட்டுலயா? தனியாவா?”

“வீட்டுக்காரி மேகலாவும் கூடத்தாங்க.”

“அவங்களுக்கும் இப்படி மூச்சு வாங்குமா?”

“அவ பாட்டுப் பாடிட்டு வருவாங்க. எனக்குத்தான் வலது கால் வலி உயிர் போவுது.”

“ஒரு கால் மட்டுமா? அப்படி என்ன பயிற்சி?”

மாதேஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“மேகலா கார் ஓட்டப் பழகுறாங்க மேடம். நான் பக்கத்து சீட்டுல உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதிக்கிறேன்!”