கடற்காற்றில் அணையாத ஸ்டவ்

மாமல்லபுரம் கடற்கரையின் பஜ்ஜிக் கடையில் எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வைப் பார்த்ததும் அமானுல்லா குனிந்து உற்றுப் பார்த்தார். கடற்காற்றிலும் அணையாத அந்த அமைப்பு அவருடைய செங்கல்பட்டுப் பட்டறைக்கே உரியது. ஆனால் அதில் பொறித்திருந்ததோ போட்டிக் கம்பெனியின் பெயர்.

அன்று மாலையே கல்பாக்கத்தில் சாலமோனின் வாசலில் போய் நின்றார். கூலி கொடுத்து அந்த ஸ்டவ்வை வடிவமைத்து வரைபடம் போடச் சொன்னது சாலமோனிடம்தான்.

“இன்னாப்பா, என்கிட்ட கூலி வாங்கினு, அதே படத்த அவனுக்கும் குடுத்துகீறியே?”

“ஆமா பாய், குடுத்தேன்.”

“கூசாம சொல்ற. துரோகி. உன்ன கோர்ட்டுக்கு இழுப்பேன்.”

“இழுங்க. ஜட்ஜு மொதல்ல, ‘இத வரைஞ்சது யாரு’ன்னு கேப்பாரு. இன்னா சொல்வீங்க?”

“நீதான்னு அடிச்சுச் சொல்வேன்.”



“அத அன்னிக்குப் பொருட்காட்சி மேடையிலயே சொல்லியிருக்கலாமே பாய். இந்த ஸ்டவ்வுக்குப் பரிச வாங்கினு, ‘இது முழுக்க என் மூளை, வேற எவனும் கை வைக்கல’ன்னு மைக்ல சொன்னீங்க. என் பேரச் சொல்வீங்கன்னு சம்சாரத்தையும் கூட்டியாந்து, முன்வரிசையில உக்காந்துகினு இருந்தேன்.”