மிதி, விடு

அனகாபுத்தூர் ஷெட்டில் ஒரு கனத்த ஜீப்புக்குப் புது பிரேக் பேடு மாட்டி முடித்த ஆபேல், பிரேக் லைனில் இருந்த காற்றை எடுக்கச் சக்கரத்தடியில் படுத்தான். பெடல் மிதிக்க மச்சான் லாசரஸை வண்டியில் ஏறச் சொல்லியிருந்தான்.

"மிதி" என்றான். பெடல் முனகியது, ஆயில் குமிழ்விட்டு வந்தது. தளர்த்தியிருந்த திருகாணியை இறுக்கி, "விடு" என்றான். பெடல் எழும்பியது.

மூன்று சக்கரம் முடிந்தது. எப்போதும் பாடிக்கொண்டே மிதிக்கிற லாசரஸ் இன்று வாயே திறக்கவில்லை.

நாலாவதிலும் ஆபேல் "மிதி" என்றான். பெடல் முனகியது. அப்போது வாசலிலிருந்து லாசரஸ் டீயோடு வந்தான்.

"யாராண்ட மச்சான் பேசிக்கினு கீறே? டீக்கடையில ஒரே கூட்டம். இப்பத்தான் வர்றேன்."

ஆபேல் எழுந்து கண்ணாடி வழியே பார்த்தான். ஸீட் காலி. பெடல் மட்டும் அடிவரை அமுங்கியிருந்தது.

அவன் இன்னும் "விடு" சொல்லவில்லை.