சுந்தரிக்குத் தெரியாத எழுத்து

"அண்ணே, மனசுல வெச்சிக்க முடியல. நீங்க எழுதிக் குடுக்கிற காயிதமெல்லாம் நேரா அடுப்புக்குத்தான் போவுது."

சொல்லிவிட்டுச் சுப்பிரமணியம் தரையைப் பார்த்தான். காசநோய் வார்டின் கட்டிலில் சாய்ந்து எழுதிக்கொண்டிருந்த மருதப்பனின் பேனா அப்படியே நின்றது.

"யாரு போடுறா?"

"அண்ணிதான். என் கண்ணால பார்த்தேன். நேத்துச் சாயந்திரம் நான் குடுத்தது, இன்னிக்குக் காலையில எரியுது."

பஃபலோ ரோட்டில் மருதப்பன் குடும்பம் இருக்கும் அதே கடைவீட்டு மாடியில்தான் சுப்பிரமணியமும் குடியிருந்தான். தினமும் வேலை முடிந்து போகிற வழியில் மருதப்பன் எழுதிய தாளை வாங்கிக்கொண்டு போய் அவன் மனைவி பூவம்மாவிடம் சேர்ப்பது அவன்தான். பொய் சொல்கிறவன் இல்லை.

பஸ் டிரைவர் மருதப்பன் ஆஸ்பத்திரியில் படுத்து இரண்டு மாதம் ஆகிறது. பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஒன்பது வயது சுந்தரிக்கும் ஆறு வயது சின்னவனுக்கும் அப்பா என்று மிச்சமிருந்தது அந்தத் தாள் ஒன்றுதான். தினம் ஒரு பக்கம். இருமல் வந்து ஒர்க்‌ஷாப்பில் படுத்துவிட்ட ஒரு கிழட்டு பஸ், தான் ஓடிய தெருக்களைப் பற்றியெல்லாம் சொல்லும் கதை. ஊசி குத்திய கை நடுங்கினாலும் சரி, காய்ச்சல் நூற்றிரண்டைத் தொட்டாலும் சரி, ஒரு நாள்கூட விட்டதில்லை அந்த மனுஷன்!

திங்கட்கிழமை நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். திரும்பி வராவிட்டாலும் பிள்ளைகளுக்கு அந்தக் காகிதக் கட்டாவது இருக்கட்டும் என்றுதான் இத்தனை பாடும். அதையே அடுப்பில் போட்டால்?

"கைநாட்டு வெக்கிறவ. அதுல என்ன இருக்குன்னு அவளுக்கு எங்க தெரியப்போவுது?" என்றான் மருதப்பன்.

அடுத்த கட்டில் நாகூர் கனி பாய் எழுந்து உட்கார்ந்தார். "விடுலா மருது. அதான் எரிக்கிறாங்களே, இன்னும் எதுக்கு உடம்பை வருத்திக்கிற? பேசாம படு."

மருதப்பன் படுக்கவில்லை. தாளில் வந்து உட்கார்ந்த ஒரு கொசுவின் மேல் பளாரென்று ஓர் அடி வைத்தான். யார்மேலோ இருந்த கோபம் அதன்மேல் இறங்கியது. கொசு தாளின் ஓரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. 'பஸ் இனிமேல் ஓடாது' என்று எழுதியிருந்த வரியை அடித்தான். 'திங்கட்கிழமை இன்ஜினைத் திறக்கப் போகிறார்கள், பார்க்கலாம்' என்று கீழே எழுதி, தாளை மடித்துச் சுப்பிரமணியத்திடம் நீட்டினான்.

"இதையும் கொண்டுபோய்க் குடு. எரிக்கிறவ எரிக்கட்டும். எழுதுறது என் வேலை."

அது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பூவம்மா வந்தாள். ஆபரேஷன் தாளில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தவளின் விரலெல்லாம் மை. முந்தானையில் துடைத்தும் போகவில்லை.

"என் காயிதத்தை எரிச்சியா?" உட்காரக்கூட விடவில்லை அவன்.

"எரிச்சேன்."

"அடிப்பாவி! துளிகூடக் கூசாம சொல்றியே!"

"பின்னே? உங்க கை பட்டதை அதுங்க கையில குடுப்பேனா? இங்கேருந்து வர்ற எதையும் பிள்ளைங்க தொடக் கூடாதுன்னு நர்ஸ் மிஸ்ஸி முதல் நாளே சொல்லிட்டாங்க. உங்களை இங்க விட்டுட்டு அங்க நான் ஒவ்வொரு நாளும் செத்துப் பொழைக்கிறேன். அதுங்களையும் கொண்டுவந்து இங்க போடச் சொல்றீங்களா?"

அவள் சொல்வது நியாயம்தான். நியாயமாக இருந்துவிட்டால் வயிறு எரியாமல் இருக்குமா?

பூவம்மா பையிலிருந்து ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். ஆவலோடு கை நீட்டினான் அவன்.

"தொடாதீங்க! நான் பிரிச்சுக் காட்டுறேன்."

எட்டி நின்றபடியே பக்கம் பக்கமாகத் திருப்பினாள். எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் இருமுகிற பஸ்ஸின் கதை முதல் நாளிலிருந்து ஒரு வரி விடாமல் இருந்தது.

"சுந்தரி தினம் தம்பிக்குப் படிச்சுக் காட்டுறா. தேக்கா மார்க்கெட் வாசல்ல பஸ்ஸும் மாட்டுவண்டியும் மல்லுக்கட்டுச்சே, அந்த இடத்துல சின்னவன் உருண்டு உருண்டு சிரிக்கிறான்."

மருதப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. போதும். நாளைக்கு என்ன ஆனாலும் போதும்.

"எந்தப் புண்ணியவான், பூவு, இவ்வளவையும் உக்காந்து காப்பி எடுத்துக் குடுத்தாரு? அவருக்குக் கோடி கும்பிடு" என்றவன், கண்ணைச் சுருக்கிக் கடைசிப் பக்கங்களில் ஒன்றைப் பார்த்தான். "ஆனா ஆளு சரியான மடையன் போலிருக்கு. நான் அடிச்ச வரியைக்கூட அடிச்சபடியே எழுதி வெச்சிருக்கான் பாரேன்!"

கனி பாய் விழுந்து விழுந்து சிரித்தார். பூவம்மாவின் முகம்தான் சுருங்கிப் போயிற்று.

"எது வேணும், எது வேணாம்னு எனக்கு எப்படிங்க தெரியும்? ராத்திரி பூரா உக்காந்து, கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுற மாதிரி, இருந்ததை இருந்தபடி இழுத்து வெச்சேன். காலையில தாளை எரிச்சேன். மத்ததெல்லாம் சுந்தரி கடகடன்னு படிச்சிட்டா. இந்த ஒண்ணு மட்டும் அவளுக்கும் தெரியல. எனக்கும் இதைப் போடத்தான் ரொம்ப நேரமாச்சு. இது என்ன எழுத்துங்க?"

மை படிந்த விரல் காட்டிய இடத்தை மருதப்பன் எட்டிப் பார்த்தான். ஆறு காலும் இரண்டு சிறகுமாக, ஒரு கோடு குறையாமல், வியாழக்கிழமை அவன் அடித்த கொசு அங்கே உட்கார்ந்திருந்தது.