வெள்ளிக்கிழமை டிசைன்கள்

"ஏங்க, இந்த வாரமும் நம்ம வீட்டுப் பேச்சு ஒண்ணுகூட வரலைங்க. கொஞ்சம் சண்டையாச்சும் போடுங்க" என்றாள் என் மனைவி அருந்ததி. அவள் கணக்கு வைத்திருந்த டி-ஷர்ட் கடை ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் புது டிசைன்களை இறக்கும். சம்மதித்த வீடுகளின் பேச்சைச் செல்போன் வழியே கேட்டு, பிடித்த வரிகளை அச்சிடும். அவள் என்னைத் திட்டிய வரி ஒன்று போன வருடம் தேர்வானது. அந்த டி-ஷர்ட்டோடு ஒரு கல்யாணத்துக்கே கிளம்பப் பார்த்தாள்.

"போடி, உன்கிட்ட சண்டை போட்டு என்னைக்கு ஜெயிச்சேன்?" என்றேன்.

அன்று மதியம் அவள் இதயம் நின்றுவிட்டது.

ஒரு மாதம் நான் அழவில்லை. பிறகு ஒரு காலை, டீ போடும்போது கை தானாக இரண்டு டம்ளர்களை எடுத்தது. "யாருக்குடி ரெண்டு டம்ளர் எடுத்தேன்?" என்று சமையலறையில் கத்தி அழுதேன்.

அடுத்த வாரம் காந்திபுரம் பஸ்ஸில், எதிரே நின்ற பெண்ணின் டி-ஷர்ட்டில் நான் கத்திய அதே வரி இருந்தது. கீழே இரண்டு டம்ளர்களின் படம். நான் பார்ப்பதைக் கண்டு அவள் சிரித்தாள்.

"நல்லாருக்குங்களாண்ணா? பாக்கறவங்க எல்லாம் சிரிக்கறாங்க. ரெண்டு வாங்குனா ஒண்ணு சும்மாங்க."

கடைக்குப் போன் செய்து, இனி எங்கள் வீட்டைக் கேட்க வேண்டாம் என்றேன்.

"நிறுத்திரலாம் சார். ஆனா கணக்கு மேடம் பேர்ல இருக்கு. மூடினா அவங்க பேசின பதிவெல்லாம் அழிஞ்சிரும், பரவால்லைங்களா?"

மூட வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். இப்போது அழுகை வந்தால் துண்டை வாயில் அடைத்துக்கொள்கிறேன். கடையின் கணக்கில் அவளுடைய சைஸ் இன்னும் மீடியம் என்றே இருக்கிறது.